ரயில் பயணம், இருபது மதிப்பெண்

வடகானாவில் மழை ஓய்கிற மாதம்.
ஆறு இன்னும் இறங்கவில்லை.
மோட்டார் வண்டியும் நானும் தோணியேறி
இந்தக் கரைக்கு வந்துசேர்ந்தபோது
முழங்கால்வரை சேற்றில் காலுறை போட்டிருந்தேன்.

பையில் படிவம். நாற்பத்தாறு கட்டங்கள்.
கழிப்பறை உண்டா, இல்லையா.
மேசைகள் எத்தனை, அவற்றில் கால் உள்ளவை எத்தனை.
எழுதியவர், தேறியவர், விழுக்காடு.

"முப்பத்தொருவர் எழுதினார்கள். ஒன்பது பேர்" என்றார்
தலைமையாசிரியர் நாங்மென்,
வலிக்கிற இடத்தைத் தொட்டுக் காட்டாமல்
வலியைச் சொல்கிறவர்போல.
இருபத்தொன்பது என்று நிரப்பினேன்.
தசமத்துக்குக் கட்டம் இல்லை.

பிறகு, கேட்காமலே, பதிவேட்டைத் திறந்தார்.
அச்சுக்கோடுகள் முடிகிற ஓரத்தில்
பென்சிலில், பொடியெழுத்தில், அவர் எழுதிவைத்தவை:
டோம்யெலே. மழைமானி ஒழுகுவதைக் கண்டுபிடித்தவன்.
மூன்று வருடமாகப் பொய் மழையை அனுப்பியிருக்கிறோம்.
பெர்விர். வகுப்பில் வாய் திறக்கமாட்டான்.
கழுதையோடு பேசுவான், ஆங்கிலத்தில்.
குவுசோக். தங்கக் குழிக்குப் போய்விட்டான், மூன்று மாதம்.
திரும்பியபின் கழித்தல் கணக்கில் பிழையே இல்லை.
அயூரா.

அயூராவுக்கு நேரே இடம் போதாமல்
எழுத்து அடுத்த பக்கத்துக்குத் தாவியிருந்தது.
முதல் வகுப்பில் சேர வந்த நாள்,
வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து
இடக்காதைத் தொடச் சொன்னார்களாம்.
பிறந்த தேதி இல்லாத ஊரில் கைதானே சான்றிதழ்.
எட்டவில்லை.
தலையைச் சாய்த்துப் பார்த்தாள், காதை இழுத்துப் பார்த்தாள்,
பிறகு கேட்டாள்:
"உங்கள் காதைத் தொட்டால் போதுமா?"

சிரித்தேன். அவரும் சிரித்தார்.
"கட்டுரையில் போய்விட்டது" என்றார்.
"ரயில் பயணம் ஒன்றை விவரி. இருபது மதிப்பெண்.
ரயிலைக் கண்ணால் பார்க்கவே
இங்கிருந்து இரண்டு நாள் தெற்கே போகவேண்டும்.
என்ன எழுதினாளோ. கேட்டால் சொல்லமாட்டாள்."

எனக்குத் தெரியும்.

போன ஜூலையில், குமாசியில், ஒரு மண்டபத்து மின்விசிறிக்குக் கீழே,
தாளுக்கு இவ்வளவு என்று கூலி பேசி
ஒன்பது நாளில் நானூற்றுப் பன்னிரண்டு கட்டுரை திருத்தினேன்.
எல்லா ரயிலும் ஒரே ரயில்.
கூவியது, புகைத்தது, ஜன்னலில் மரங்கள் ஓடின,
மாமா வந்து அழைத்துப்போனார்.
மரம் ஓடிய தாளுக்கெல்லாம் பதினான்கு.
ஒன்று மட்டும் இப்படித் தொடங்கியது:
"நான் ரயிலைப் பார்த்ததில்லை.
ஆகவே தோணிக்குக் காத்திருப்பதை எழுதுகிறேன்."
பெயர் இல்லை. எண் மட்டும்.
சாப்பாட்டு வேளையில் உரக்கப் படித்துக் காட்டினேன்.
மேசையே குலுங்கியது.
ஒருத்தர் மட்டும் "மறுபடி படியுங்கள்" என்றார்.
கை கழுவிவிட்டு வந்து சிவப்பில் போட்டேன்:
பொருள் பிறழ்ந்தது, பூஜ்யம்.
விதி ஏழு, உட்பிரிவு மூன்று.

நாங்மெனிடம் சொல்லவில்லை.
தேநீர் தந்தார், குடித்தேன்.
"இப்போது எங்கே இருக்கிறாள்?"
"தமாலேயில், அத்தை வீட்டில்.
அடுத்த வருடம் எழுதுவாள். எழுதலாம்."
எழுதுவாளுக்கும் எழுதலாமுக்கும் நடுவில்
சர்க்கரையை வெகுநேரம் கலக்கினார்.

திரும்பும்போது தோணி அக்கரையில் நின்றது.
அரைமணி. வேறு வேலையில்லை.
நினைவில் இருந்த தாளை எடுத்துத் திருத்தத் தொடங்கினேன்.

"முதலில் கழுதைகள் தண்ணீர் குடிக்கும்,
அப்புறம்தான் மனிதர்கள் பேச ஆரம்பிப்பார்கள்."
சரி.
"தோணிக்காரர் ஆட்களை எண்ணமாட்டார்.
பலகையைத் தட்டுவார், ஒலியில் பாரம் தெரியும்."
தட்டினார். சரி.
"மோட்டார் வண்டிக்கு இரட்டைக் கூலி.
வருகிறவர் அதிகாரி என்றால் அதைக் கேட்கமாட்டார்.
பாட்டை மட்டும் நிறுத்திவிடுவார்."
நான் கால் வைத்ததும் பாட்டு நின்றது.
"அவருக்கு இடப்பக்கக் கண் தெரியாது."
பார்த்தேன். வலக்கண்.
அரை மதிப்பெண் குறைத்தேன்.

நடு ஆற்றில்தான் உறைத்தது:
எதிரே உட்கார்ந்தவளுக்கு அது இடப்பக்கம்.
குறைத்ததைத் திருப்பிப் போட்டேன்,
எங்கே என்றுதான் தெரியவில்லை.
முடிவுகள் வந்து ஆறு வாரம் ஆகிறது.

கரையில் இரட்டைக் கூலியை எண்ணி நீட்டினேன்.
வாங்கிக்கொண்டார்.
பாட்டு வரவில்லை.